ஏரி நீருக்கு அனுமதி இல்லை

தண்ணீரை மனிதகுலம் என்றோ கண்டுபிடித்துவிட்டது. அதை முறைப்படி நடத்தக் கற்றுக்கொடுத்தது எங்கள் அலுவலகம்தான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்கரையில் உள்ள மீன் காட்சியகத்தின் செயலர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் வாசலிலிருந்து ஏரி அறுபது அடி. நீலமும் மஞ்சளுமாய் எங்கள் ஆறு கண்ணாடித் தொட்டிகளில் இருந்த ம்புனா மீன்கள் அந்த ஏரியின் பாறைகளில் பிடிக்கப்பட்டவை. தொட்டிகளில் ஊற்றியதோ கூரையில் பிடித்த மழைநீர். அது மேலிடத்திலிருந்து வருவதால் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது தலைவர் கச்சிங்வேயின் கொள்கை.

முதல் வாரம் ஒன்பது மீன்கள் செத்தன. மற்றவை துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தோம். பிஎச் ஆறு, கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. ம்புனாவுக்கு வேண்டியது எட்டுக்கு மேல் பிஎச், ஓரளவு கடின நீர்.

தேநீர் கொண்டுவந்த துப்புரவுப் பணியாளர் எஸ்நார்ட் கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஐயா, ஏரி இந்தா இருக்கு. நாலு வாளி மொண்டு ஊத்தலாம்ல?"

"ஏரித் தண்ணியோட கடினத்தன்மை உனக்குத் தெரியுமா?" என்றார் தலைவர்.

"மீனுக்குத் தெரியும்."

"மீன் கையெழுத்துப் போடுமா?"

வாதம் முடிந்தது. எந்த நீரையும் ஏரி நீராக்கும் 'மலாவி ஏரி உப்பு' என்ற கலவையை ஜெர்மனியிலிருந்து வரவழைக்க ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

உப்பு வந்துசேர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் மூன்றாம் தொட்டியில் மட்டும் ஒழுங்கீனம் தலைதூக்கியது. மீன்கள் ஒன்றையொன்று துரத்தின, மணலைத் தோண்டின. ஒரு பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாக்கவும் தொடங்கியது. விசாரணை அவசியமாயிற்று. ஒரு காலை தலையில் வாளியோடு ஏரியிலிருந்து வந்த எஸ்நார்டை வாசலில் மடக்கினேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒரு மாசமா சார். மொத்தமா மாத்துனா அதுங்க தாங்காது. தெனம் ஒரு வாளி எடுத்துட்டு ஒரு வாளி ஊத்துறேன். மத்த தொட்டிக்கும் ஊத்தணும், கழுத்துதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

"யாரு அனுமதி குடுத்தா?"

"வாய்க்குள்ள குஞ்சை வச்சுக்கிட்டு ரெண்டு வாரமா பட்டினி கெடக்குது அந்த மீனு. அதுகிட்ட வேணா கேட்டுப் பாருங்க, வாயைத் தொறக்குதான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அறிக்கை எழுதினேன். 'அங்கீகாரமற்ற ஏரியை அரசுக் கட்டடத்துக்குள் கொண்டுவந்த' குற்றத்துக்காக எஸ்நார்ட் நீக்கப்பட்டார். வாளியைக் கவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, "அந்த மீனை மட்டும் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிப் போனார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுவாரம் உப்பு வந்தது. சிறிது சிறிதாக ஒரு வாரம் கலக்க வேண்டும் என்று பையில் அச்சிட்டிருந்தது. ஆனால் தலைநகரிலிருந்து இயக்குநர் மறுநாள் வருகிறார். தலைவர் அந்த ஒரு வாரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கினார். சீர்மை கருதி மூன்றாம் தொட்டியையும் காலி செய்து மழைநீர் நிரப்பி, எல்லாவற்றிலும் மொத்த உப்பையும் கொட்டினோம்.

பத்து மணிக்குக் கொட்டினோம். பதினொன்றுக்கு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்தன. பகல் ஒரு மணிக்கு அந்தப் பெண் மீன் வாயைத் திறந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. ஒன்றும் நீந்தவில்லை.

மறுநாள் இயக்குநர் தொட்டிகளின் முன் நெடுநேரம் நின்றார்.

"பிஎச் எவ்வளவு?"

"எட்டு புள்ளி ரெண்டு ஐயா" என்றார் தலைவர்.

"அருமை. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே. மீனெல்லாம் எப்போ விடப்போறீங்க?"

"நிதி வந்ததும் ஐயா."

தண்ணீரின் தரத்துக்காக எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. மீன்களின் இறப்பு குறித்தும் கோப்பு ஒன்று வேண்டுமல்லவா? அதில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஏரி நீர்' என்றும், 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் 'எஸ்நார்ட்' என்றும் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்தவன் நான்தான்.