உயெனின் முதல் கல்யாணம்

"பணம் அனுப்புறப்போ யாரும் கருவாடுன்னு எழுதித் தொலைக்காதீங்க, என் தங்கங்களா!"

கைபேசிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு விரால் கருவாட்டை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியபடி தோவா கெஞ்சினாள். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, பின்னே என்னதான் எழுதுவது என்று கேட்டிருந்தாள்.

நியாயமான கேள்விதான். தோவா பக்கத்து வீட்டு ஆறாமக்காவைத் திரும்பிப் பார்த்தாள். யோசனையே அவளுடையது. கைபேசியில் விற்கிறவர்களை வரி ஆபீஸ்காரன் வளைத்து வளைத்துப் பிடிக்கிறான், வங்கிக் கணக்கைத் தோண்டுகிறான், பழைய பாக்கியெல்லாம் சேர்த்து அபராதம் தீட்டுகிறான், கட்டாதவனை உள்ளே வைக்கிறான் என்று சௌதோக் சந்தை முழுக்க அப்போது அதே பேச்சு. சந்தைக்காரர்கள் 'ரொக்கம் மட்டும்' என்று அட்டை மாட்டித் தப்பித்துவிட்டார்கள். தோவாவின் கருவாட்டைத் தின்கிறவர்களோ சைகோனிலும் ஹனோயிலும் இருந்தார்கள். அவர்கள் ரொக்கத்தை எப்படி நீட்டுவார்கள்?

"கல்யாண மொய்னு எழுதச் சொல்லுடி" என்றாள் ஆறாமக்கா. "மொய்க்கு எவன் வரி கேப்பான்?"

"யாரு கல்யாணம்னு போட?"

"வீட்டுல பொண்ணு இல்லையா உனக்கு?"

பின்னால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த உயென் நிமிர்ந்தாள். "அம்மா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைம்மா."

"ஆகுறப்போ ஆகட்டும். மொய் முதல்ல வரட்டும்."

வந்தது. 'உயென் கல்யாண மொய்', 'மணமகளுக்கு வாழ்த்து', 'நூறு வருஷம் வாழ்க' என்று எழுதி எழுதி அனுப்பினார்கள். அரைக்கிலோ நெத்திலி வாங்கியவள்கூட மனசார வாழ்த்தினாள். புருஷன் போனபின் உப்பிலும் வெயிலிலும் கிடந்து மகளை ஆளாக்கிய தோவாவுக்கு அதைப் படிக்கையில் கண் கலங்கிவிடும். கருவாட்டுக் காசுதான் என்பதே மறந்துபோகும்.

வருஷம் திரும்பியதும் முதல் பத்திரிகை வந்தது. கா மா ஊரில் ஒருத்தியின் மகனுக்குக் கல்யாணமாம். கீழே, கைபேசியில் பணம் அனுப்புகிற க்யூஆர் கட்டம் அச்சடித்திருந்தது.

தோவா போன் போட்டாள். "ஏம்மா, நீ எனக்கு அனுப்பினது கருவாட்டுக்கு இல்ல?"

"கருவாடா? என் போன்ல மொய்னுல்ல இருக்கு?"

"அடிப்பாவி! ரெண்டு கிலோ விரால் தின்னியே!"

"அப்ப அது வியாபாரம்கிறீங்களா? அதை அப்படியே எழுதி அனுப்புங்களேன், வச்சுக்கிறேன்."

தோவா போனை வைத்துவிட்டாள். அந்த ஊரில் மொய் வாங்கினால் கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்ப வேண்டும். திருப்பாதவள் வெளியே தலைகாட்ட முடியாது. அனுப்பித் தொலைத்தாள். விஷயம் எப்படித்தான் பரவியதோ, பத்திரிகைக்கு மேல் பத்திரிகை வந்து குவிந்தது. கருவாடு தின்ற வீட்டிலெல்லாம் கல்யாண வயசில் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்.

"கல்யாணம் முடிஞ்சாச்சு, இனி மொய்னு எழுத வேண்டாம்னு சொல்லிரு" என்று ஆறாமக்கா அடுத்த யோசனையை அவிழ்த்தாள்.

நேரலையில் சொன்னாள். வாழ்த்துகள் கொட்டின. ரெண்டு மாசத்தில் 'விசேஷம் உண்டா?' என்று ஆரம்பித்தார்கள். ஹனோயிலிருந்து ஒரு நல்லவள் கைக்குழந்தைக்குக் குட்டிக் காலுறை பின்னி அனுப்பிவைத்தாள். உயென் அதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அந்தப் புத்தாண்டில்தான் சரக்குப் படகு ஓட்டும் கியெட் அவளுக்குப் பழக்கமாகியிருந்தான். சா தெக் ஊர்க்காரன். பேச்சு குறைவு, சிரிப்பு ஜாஸ்தி. வயது ஏறிக்கொண்டே போன மகளுக்கு இனி ஆள் வருவானா என்று தோவா தூக்கமில்லாமல் கிடந்ததற்கு அவன்தான் பதில். அவன் அம்மாவும் ஒருவழியாக இறங்கிவந்து, பெண் கேட்டு வர நாள் குறித்தாள்.

அன்றைக்குத் தோவா கருவாட்டையெல்லாம் ஆறாமக்கா வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்து, வீட்டைக் கழுவி, ஊதுவத்தி ஏற்றினாள். சிவப்புத் துணி மூடிய வெற்றிலை பாக்குத் தட்டோடு கியெட்டின் அம்மா வந்தாள். கியெட் வந்தான். கூடவே கண்ணாடி போட்ட ஒரு குண்டு மனிதர்.

"இவன் என் தம்பி லோக். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்" என்றாள் அவன் அம்மா பெருமையாக. "மாகாண வரி ஆபீஸ்ல இருக்கான்."

தோவா அவருக்கு நீட்டிய டீக் கோப்பையைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

லோக் மாமா பாவம், யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வறுத்த தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. சம்பந்தம் உறுதி என்று தட்டின் மேலிருந்த துணியை எடுக்கப் போகிற நேரம், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"தோவாக்கா! நான் லாங் சுயென்லேருந்து வரேன்! என் பொண்ணுக்குக் கல்யாணம்! தபால்ல அனுப்பினா நீங்க டிமிக்கி குடுத்துருவீங்கன்னு நேர்லயே வந்துட்டேன்!"

தோவா ஓடிப்போய் வாசலை மறித்தாள். "பொறவு பேசலாம், விருந்தாளிங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே! உங்க உயென் கல்யாணத்துக்கு நான் மொய் போட்டேன்ல? அதைத் திருப்பிப் போட்டுருங்க, போயிட்டே இருக்கேன்."

கியெட்டின் அம்மா எழுந்துவிட்டாள். "யாரு கல்யாணம்?"

"உயென் கல்யாணம்தான். போன வருஷம். இந்தா பாருங்க." லாங் சுயென்காரி போனை நீட்டினாள். "நான் மட்டுமா? ஊரே போட்டுச்சு!"

போன் கைமாறி லோக் மாமாவிடம் போனது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

தோவா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அது கருவாட்டுப் பணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் தப்பிப்பாள். சொன்னால், கேட்கிறவர் வரி ஆபீஸ்காரர். இருக்கிற ஓட்டு வீடும் போய்ச் சிறைக்கும் போனால் பெண்ணை யார் கட்டிக்கொடுப்பார்கள்? அவள் மனசு அங்கேயும் இங்கேயும் ஓடிக் களைத்து, கடைசியில் வரி ஆபீசுக்குத்தான் பயந்தது.

"ஆமாங்க" என்றாள். "ஆச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"புருஷன் எங்கே?" கியெட்டின் அம்மா குரல் கீச்சிட்டது.

"செத்துட்டாருங்க."

"எப்படி?"

"படகு... படகு கவுந்துடுச்சுங்க."

"ஐயையோ!" லாங் சுயென்காரி மார்பில் அடித்துக்கொண்டாள். "அப்ப குழந்தை? விசேஷம்னாங்களே?"

"அது தங்கலைம்மா."

பிறக்காத குழந்தையையும் கொன்றாயிற்று. லாங் சுயென்காரி பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். பையைத் துழாவி ஒரு உறையில் பணத்தை வைத்துத் தோவாவின் கையில் திணித்தாள். "இழவுக்கு ஒண்ணும் செய்யாம இருந்துட்டேனே பாவி. மொய்யை மெதுவா குடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நல்ல மனுஷிதான்.

கியெட் யாரையும் பார்க்காமல் உயெனை மட்டும் பார்த்தான். "நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

உயென் டீத்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். லோக் மாமாவைப் பார்த்தாள். உப்பில் வெடித்துப்போன அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். அந்தக் கைகளில் விலங்கு மாட்டுவதை நினைத்திருப்பாள்.

"ஆமா" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆச்சு."

"விதவைன்னா என்ன, மனுஷிதானே! சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம்" என்றாள் கியெட்டின் அம்மா. "மறைச்சீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. எழுந்திருடா." துணி விலக்காத தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கியெட் அம்மாவின் பின்னால் போனான்.

லோக் மாமாதான் கடைசி. வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது தோவாவை ஏறிட்டுப் பார்த்தார். அவள் முகமெல்லாம் வேர்த்து வடிந்தது.

"நான் வந்ததுலேருந்து என்னைப் பாத்தே நடுங்குறீங்களே, அக்கா" என்றார் பரிவாக. "எங்க போனாலும் எனக்கு இதே கதி. மொய் மொத்தம் எவ்வளவு வந்திருக்கும் வருஷத்துக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை அவளுக்கு. "ஒம்பது கோடி டோங் இருக்குங்க." அந்த ஊர்க் கோடிக்கு மதிப்பு குறைவு; ரெண்டு மோட்டார் சைக்கிள் வாங்கினால் தீர்ந்துவிடும்.

"அவ்வளவுதானா?" லோக் மாமா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "சும்மா கவலைப்படாதீங்க. அது மொய்யே இல்லாம, நீங்க கருவாடு வித்த காசாவே இருந்தாலும் இவ்வளவு சின்ன வியாபாரத்துக்கு ஒரு பைசா வரி கிடையாதுக்கா."