வற்றிய தொட்டியும் வருங்காலச் சம்பந்தியும்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். சம்பந்தம் பேசிவிட்டதோடு உங்கள் வேலை முடிந்தது, நடக்கிற வேலை என்னுடையது.

மாப்பிள்ளையின் அப்பா எது சொன்னாலும் தலையை ஆட்டச் சொன்னீர்கள். நகரத்தின் பழைய குடிநீர் அமைப்பைப் பற்றி ஆரம்பித்தார். மகளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறதே என்று, "எனக்கும் அதுல ரொம்ப ஈடுபாடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் பூட்ஸோடு வாசலில் நிற்கிறார். பெண் வீட்டுக்காரனாயிற்றே என்று நான் புதுச் செருப்பு.

அந்தக் காலத்தில் ஏரியிலிருந்து தண்ணீர் வந்த வழியிலேயே நாங்களும் வர வேண்டுமாம். தண்ணீருக்கு முட்டிவலி கிடையாது, மச்சான். கல் கால்வாய், குனிந்து போகிற சுரங்கம், அதில் குடியிருக்கும் வௌவால், வளைவுக்கு வளைவு ஒரு சொற்பொழிவு. "சரிவைப் பாருங்க, பம்பே இல்லாம தண்ணி தானா போகும்" என்றார். பார்த்தேன், வழுக்கி நானும் தானாகவே போனேன்.

கடைசியில் ஓர் இருட்டறை, நடுவே துருப்பிடித்த இரும்புச் சக்கரம். "செத்துப்போன வால்வு. எங்க அப்பாவே திருகிப் பார்த்து முடியல. பழைய இரும்புக்குப் போடப் போறாங்களாம்" என்று கண் கலங்கினார். எனக்குக் கால் கலங்கியது. அதன்மேலேயே உட்கார்ந்தேன். எழும்போது அதன் விளிம்பை முழுப் பாரத்தையும் கொடுத்துப் பிடித்தேன், சக்கரம் சுற்றிக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பூமிக்குள் ஏதோ கனைத்தது. அறை வாசலுக்கு எதிரே தெருவோரம் காலங்காலமாக வறண்டு கிடந்த கல் தொட்டியில் முதலில் சேறு, பிறகு தண்ணீர் கொட்டியது. அந்தத் தொட்டிதான் சலவைக்கடைக்காரருக்கு அலமாரி என்பது எனக்கு எப்படித் தெரியும்? தேய்த்து அடுக்கிய துணியெல்லாம் மிதந்தது.

"எந்தப் புண்ணியவான்யா திறந்தது?" என்று அவர் கத்த, நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"தலையைத்தானேப்பா ஆட்டச் சொன்னாங்க, சக்கரத்த யாரு ஆட்டச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு மகள் அறைக்குள் போனவள்தான், சாப்பிடக்கூட வரவில்லை. குழந்தை ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான், அதையும் நான் உட்கார்ந்தே கெடுத்தேன். நீங்கள் உடனே போய் அவர் காலில் விழுந்தாவது சரிசெய்யுங்கள். இனி தண்ணீர் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அக்கா உங்களை விசாரிக்கச் சொன்னாள். என்னை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னும் காயாத உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சம்பந்தியே வந்துவிட்டார். வழியெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டதால்தான் பேசவில்லையாம். "எங்க அப்பாவால முடியல, என்னால முடியல, உங்க உடம்பால முடிஞ்சுது" என்று கட்டிக்கொண்டார். கல்யாணம் உறுதி, மகள் சிரிக்கிறாள். நீங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். ஆனால் இந்த நகரத்தில் திறக்காத வால்வுகள் இன்னும் நிறைய இருக்கின்றனவாம், ஞாயிறுதோறும் நான் வந்து உட்கார வேண்டுமாம். தலையை ஆட்டிவிட்டேன்.