ஹெலனைப் பிடிக்கப் போன சனிக்கிழமை

நான் ஒரு சந்தேகக்காரி. பால் வாங்கினால் திகதியைப் பார்த்த பிறகும் மணந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கலியாணமான புதிதில் கணவரை மட்டும் சும்மா விட்டிருப்பேனா?

1986இல் ரொறன்ரோவுக்கு வந்து மல்வேர்னில் குடித்தனம் தொடங்கினேன். அவர் எனக்கு முன்னமே வந்து இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஓவர்டைம் என்று போவார். மற்ற நாட்களில் அவருடைய சேட்டில் எண்ணெய் மணக்கும். சனிக்கிழமைகளில் மட்டும் பட்டர் மணந்தது. (இரும்புக்குப் பட்டர் பூசுகிற நாடு எங்கேயாவது உண்டா?)

அதோடு விட்டாரா? ஒருநாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "டோன்ற் லீவ் மீ, ஹெலன்" என்று உருகிக்கொண்டிருந்தார். தன்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிற அளவுக்கு ஒருத்தி. என்னிடம் அவர் கெஞ்சியது கறியில் உப்பைக் குறைக்கச் சொல்லி மட்டுந்தான்.

அழுதுகொண்டு அந்தச் சேட்டோடு பக்கத்து வீட்டு மேரி அன்ரியிடம் போனேன். அன்ரி அதை வாங்கி மணந்து பார்த்தார்.

"பிள்ளை, உது ஆரோ கேக் அடிக்கிறவள். வெள்ளைக்காரியாத்தான் இருக்கும். அழாதை. வாற சனி பின்னால போவம்."

போனோம். பஸ்ஸில் அவர் முன்னால், நாங்கள் சால்வையால் தலையை மூடிக்கொண்டு கடைசியில். நகரத்தின் நடுவில் இறங்கி ஒரு பழைய தியேட்டருக்குள் நுழைந்தார். வாசலில் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த இத்தாலியப் படமொன்றின் போஸ்டர். அரைகுறை உடுப்போடு ஒருத்தி, கழுத்தில் பல்லுப் பதிந்த காயம். அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, உது பேய்ப்படமோ, மற்றப் படமோ?"

"ரெண்டும் போல கிடக்கு, அன்ரி."

"அப்ப கட்டாயம் உள்ளுக்குப் போய்ப் பாக்கத்தான் வேணும்."

ரிக்கெற் எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே கும்மிருட்டு. கண் பழகியதும் அவரைக் கண்டேன். பக்கத்து இருக்கையில் தோள்வரை தொங்கும் பொன்னிறத் தலைமுடி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேசாமல் அவருக்கு நேர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம். திரையில் ஒருவன் மெழுகுதிரியோடு நடக்க, அவனுக்குப் பின்னால் ஒரு வெளிறிய கை மெல்ல எழும்பியதாம். (அன்ரி பிறகு சொன்னது. நான் எங்கே படம் பார்த்தேன்?) அந்தக் கை அவன் தோளில் விழுந்த அதே நேரம், என் கை இவர் தோளில் விழுந்தது.

அவர் பயத்தில் வீரிட்டு வைத்த குழறலில் தியேட்டர் முழுக்கக் குழறியது. பட்டர் ஊற்றிய பொப்கோர்ன் மேலே எழும்பி எங்கள் தலைகளில் கொட்டியது. பொன்னிறத் தலை திரும்பியது. அதற்கு ஒரு தாடி இருந்தது. அதுவும் குழறிக்கொண்டிருந்தது.

வெளியே நடைபாதையில் வைத்துக் கேட்டேன். "ஆர் அந்த ஹெலன்?"

"அவள் போன கிழமைப் படத்தில செத்துப்போனாள்."

"அப்ப ஏன் ஓவர்டைம் எண்டு பொய் சொன்னனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு இங்கிலிஸ் தண்ணிபட்ட பாடு எண்டு உம்மட வீட்டுக்குச் சொல்லித்தானே கலியாணம் பேசினது. எனக்கு ஒண்டும் வராதப்பா. இங்கத்தைப் படங்களில கடகடவெண்டு கதைக்கிறாங்கள். உது இத்தாலிப் படம், பிறகுதான் இங்கிலிஸில குரல் குடுத்தது. ஆறுதலாக் கதைப்பினம். பயந்தவை ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். பாடமாக்கலாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாவமாகவும் இருந்தது. ஏனென்றால் என் ஆங்கிலத்தைப் பற்றி எங்கள் வீட்டார் சொன்னதும் அதே அளவு பொய்தான். அதை அந்த நடைபாதையிலேயே அவரிடம் சொன்னேன். அடுத்த சனியிலிருந்து இருவருமாகப் படிக்கப் போனோம். அன்ரியும் செபமாலையோடு வந்தார்.

இவரை மட்டும் இன்றுவரை பின்னாலிருந்து தொடக்கூடாது. மகளின் கலியாணத்தில் படம் பிடிக்கிற பெடியன் மாப்பிள்ளையிடம், "மாமாவின்ர தோளில கையை வையுங்கோ" என்றான். வேண்டாம் என்று நாங்கள் சொல்லி முடிக்குமுன் மாப்பிள்ளை வைத்துவிட்டார். வாயைப் பிளந்து இவர் குழறுகிற அந்தப் படத்தைத்தான் மகள் பெரிதாக்கி எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். மகளைப் பிரிகிற துயரம் தாங்காமல் தகப்பன் கதறுகிறார் என்று வருகிறவர்கள் கண்கலங்குகிறார்கள். நாங்களும் ஓம் ஓம் என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோம்.