மஞ்சளை மட்டும் மறிக்கிற கண்ணாடி

ஹேலி வால்வெள்ளியைப் படம் பிடித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எண்பத்தாறாம் ஆண்டு, சித்திரை வருசப் பிறப்புக்குச் சில நாள் முன்பு. தவறவிட்டால் இன்னும் எழுபத்தாறு வருசம் காத்திருக்க வேண்டும். என் மனைவி மீனாம்பிகையோ, வருசப் பிறப்புக்கு முன் தெற்கு வேலியை அடைத்தே தீருவது என்று முடிவெடுத்திருந்தாள்.

தெற்கே இன்னொரு தொல்லை, மார்க்கண்டுவின் அரிசி ஆலை. கறண்ட் இருக்கிற நாளெல்லாம் அங்கே ஒரு சோடியம் லைட் எரியும். வானமே மஞ்சள் சாறம் கட்டியதுபோல இருக்கும். அதற்காக லண்டனிலிருந்து ஒரு பில்ட்டர் வரவழைத்திருந்தேன். கமராவின் வாயில் திருகிப் பூட்டுகிற கண்ணாடி.

“உதென்ன செய்யும்?” என்றாள் மீனாம்பிகை.

“சோடியம் லைட் ஒரேயொரு மஞ்சளைத்தான் விடும். இது அந்த மஞ்சளை மட்டும் மறிக்கும். வால்வெள்ளி பச்சையும் நீலமும். அது தாராளமா உள்ளுக்கை வரும்.”

“அப்ப எங்கடை பெற்றோல்மாக்ஸ்?”

“அதிலை எல்லா நிறமும் கலந்திருக்கு. அதை மறிச்சால் வால்வெள்ளியையும் மறிக்கவேணும். கண்ணாடி பாவம், என்ன செய்யும்?”

“ஓம், பாவம்.”

ஆர்வமாகக் கேட்கிறாளே என்று, கமராவின் சட்டரைத் திறந்து மூடவும் சொல்லிக் கொடுத்தேன்.

பொழுது பட்டது. கமராவை முக்காலியில் பூட்டினேன். பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். முற்றமெல்லாம் பகலாகிவிட்டது. தெற்கு வேலியில் பெற்றோல்மாக்ஸ் தொங்கியது. கீழே கிடுகுக் கட்டோடு மீனாம்பிகை.

“இஞ்சரும், என்ன செய்யிறீர்?”

“வேலி அடைக்கிறன். நீங்கள் படத்தை எடுங்கோ.”

“விளக்கை நூரும்! வெளிச்சத்தைக் கண்டால் ஹெலி வரும்!”

“ஹேலியோ, ஹெலியோ?”

“ஹெலி! ஆமியின்ரை ஹெலிகொப்ரர்! மேலாலை நிண்டு சுடுவான்!”

“மார்க்கண்டற்றை லைட்டுக்கு வராத ஹெலி எங்கடை பெற்றோல்மாக்ஸுக்கு வருமோ?”

“எப்ப நூர்ப்பீர்?”

“வேலி முடிய. தனியச் செய்தால் விடிஞ்சிடும். ரெண்டு பேரெண்டால் கெதியா முடியும்.”

கிடுகைத் தூக்கினேன். அவள் உள்ளே நின்று குத்தூசியை நீட்ட, நான் வெளியே நின்று கயிற்றைக் கோத்தேன். என் வாழ்நாளில் அந்த வேகத்தில் நான் எந்த வேலையும் செய்ததில்லை. வால்வெள்ளி தென்னைக்கு மேலே ஏறிவிட்டது. கடைசிக் கட்டு முடிந்ததும் மீனாம்பிகை சொன்ன சொல் தவறாமல் விளக்கை நூர்த்தாள்.

கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று சாய்மனைக் கதிரையில் சரிந்தேன். நன்றாகவே பழகிவிட்டது. விழித்தபோது காகம் கரைந்தது.

“ஏன் எழுப்பேல்லை?”

“எழுப்பினன். ‘கயித்தை இறுக்கும், இறுக்கும்’ எண்டியள். பிறகு நானே எடுத்திட்டன்.”

மீனாம்பிகை ஸ்ரூடியோவில் கொடுத்த படம் கழுவி வந்தது. கறுத்த வானம். மருந்துக்கும் மஞ்சள் இல்லை. நடுவில் வால்வெள்ளி, வாலும் தலையுமாக. ஸ்ரூடியோ சிமியோன் அதைப் பெருப்பித்துக் கடை வாசலில் மாட்டினான். நான் போனதும் எழும்பிக் கதிரை தந்தான்.

“அண்ணை, உந்தக் கண்ணாடி எப்பிடி வேலை செய்யுதெண்டு எனக்கு விளங்கேல்லை.”

தொண்டையைச் செருமினேன். “அது தம்பி...”

“உங்களுக்கேன் கரைச்சல், அண்ணை? அக்கா இந்தப் பக்கம் வரேக்கை அவவிட்டையே கேக்கிறன்.”