கண்ணுக்குத் தெரியாத டப்பாக்கள்

தான் செய்த பொருளைத் தானே பார்க்க முடியாமல், அது தொலைந்ததென்று பதினொரு வீட்டுக்காரர்களைக் குனிந்து தேடவைத்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார். கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி. தெருவுக்கு அவர் டப்பாக்காரர்.

"இன்னா சார் தேடறோம்?"

"டப்பா விழுந்துடுச்சி."

"எவ்ளோ பெருசு?"

"தலைமுடிய ஆயிரமா வகுந்தா ஒரு பங்கு."

ஒன்பது பேர் உடனே வீட்டுக்குப் போய்விட்டார்கள். டப்பாக்கள் இருந்த கண்ணாடிக் குப்பியை மீதி இரண்டு பேர் சாக்கடை ஓரத்தில் கண்டெடுத்தோம்.

சாயம் போடுமுன் பட்டு நூலை வேகவைத்த தண்ணீரைப் பட்டறையில் கொட்டிவிடுவார்கள். அதில் கரைந்திருக்கும் பட்டுப் பசையில்தான் அவர் டப்பா செய்தார். உள்ளே வெள்ளித் துகள். ஆறாத புண்ணில் வைத்தால் டப்பா மெல்லத் திறந்து, வெள்ளி வெளியே வந்து கிருமியைக் கொல்லும். தினமும் இரண்டு குடம் சுமப்பார்.

"மாடுகூட மோந்து பாக்காத தண்ணிய எடுத்துக்கினு போறீங்களே சார், வீட்ல ஒண்ணும் சொல்லலியா?" என்றார் பட்டறைக்காரர்.

"சொன்னாங்க. சொல்லிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. செருப்பு கடித்து என் இடது சுண்டுவிரலில் வந்த புண் எழுபத்திரண்டு நாளாகியும் ஆறவில்லை. வியாழக்கிழமை விரலை எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். திங்கட்கிழமையே டப்பாக்காரரிடம் ஓடினேன்.

"கொஞ்சம் போட்டுவுடுங்க சார். விரல் போவுது."

"தறியில பாவு நூல் மாதிரி, இழுத்த அளவுக்குத்தான் டப்பா வெள்ளிய விடணும். சில தரம் மொத்தமா விட்டுடுது. சதை வெந்துபூடும்."

"எத்தினி தரம்?"

"நாப்பதுக்கு மூணு."

"முப்பத்தேழு தரம் சரியா இருக்குதே."

"அந்த மூணுல நீங்க ஒண்ணா இருந்தா?"

கதவைச் சாத்திக்கொண்டார். வியாழக்கிழமை விரல் போயிற்று. ஐந்து மாதம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையை நிமிர்த்தி மின்கம்பங்களை எண்ணினேன். எங்கள் தெருவில் பதினான்கு.

ஒரு நாள் அவரே என் வாசலுக்கு வந்தார். வலது காலில் கட்டு. நான் போன அந்தத் திங்கட்கிழமையே தன் பெருவிரலைப் பிளேடால் கீறி, மருந்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். புதன்கிழமைக்குள் நல்லபடியாகத் தெரிந்தால் எனக்குப் போடலாம் என்று. டப்பாக்கள் மொத்தமாகத் திறந்துவிட்டன. பெருவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன.

"ஏன் சார் சொல்லல?"

"நீங்கதான் கம்பம் எண்ணிக்கினு இருந்தீங்களே."

பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கு வாசலில் இரண்டு நாற்காலி போடுவேன். என் கால்விரல்களை நான் ஒன்பது வரை எண்ணி நிறுத்துவேன், அவர் பத்திலிருந்து தொடர்வார்.

"பதினேழு. எல்லாரும் ஆஜர்" என்று எழுந்திருப்பார்.

போன தை மாதம், புண் முழங்காலுக்கு மேல் ஏறி, அவர் போய்விட்டார். இப்போது ஒரு நாற்காலிதான் போடுகிறேன். ஒன்பதோடு எழுந்திருக்க வரவில்லை. பதினேழு வரை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.