விதைச் சாக்கில் துபாய் அழைப்பு

எங்கள் ரேடியேஷன் பாய் செல்போன் கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு, செல்போனைக் கண்டுபிடித்தவர்களே கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் அவருக்கு விதைநெல் வியாபாரம். ஒரே மகன் சாதிக், துபாயில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிதோறும் வீட்டுக்கு போன் செய்துகொண்டிருந்தவன், பிறகு பெருநாளுக்குக் கூப்பிட்டால் உண்டு என்று ஆகிவிட்டான். அப்புறம் ஊருக்கு வந்த நண்பனிடம் அத்தாவுக்கு ஒரு செல்போன் கொடுத்தனுப்பினான். இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலம் முடிந்து, ஊரில் டவர் எழும்பிய பிறகு, குறுவைக்கு விதை வாங்க ஆள் வரும் சமயம் அது.

போன் வந்த அன்றே பாய் பேப்பரில் ஒரு செய்தி படித்துவிட்டார். செல்போனைக் காதில் வைத்துப் பேசினால் மூளைக்குக் கெடுதலா என்று வெளிநாடுகளில் ஆராய்கிறார்களாம், முடிவு இன்னும் தெரியவில்லையாம்.

"தெரியலன்னா என்ன சார் அர்த்தம்? யாரும் நெல்லுல பார்க்கல, அவ்வளவுதான்" என்றார், தினமும் அவர் கடையில் பேப்பர் படிக்கப் போகும் என்னிடம்.

விதைக்கடையில் முளைப்பு பார்ப்பது எளிது. நெல்லை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து, எவ்வளவு முளைக்கிறது என்று பார்ப்பார்கள். பாய் ஒரே ரகத்தில் இரண்டு சுருட்டு போட்டார். ஒன்றின் மேல் செல்போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். இன்னொன்றைக் கடையின் மறுகோடியில் வைத்தார். போன் சும்மா கிடந்தால் கதிர் வராது என்பது அவர் கட்சி. மகனுக்குத் தகவல் போனது: ஆராய்ச்சி முடியும்வரை தினமும் கூப்பிட வேண்டும்.

மணி அடித்தால் பாய் இரண்டு முழம் தள்ளி நின்று, குடை நுனியால் பச்சைப் பொத்தானை அழுத்துவார். ஸ்பீக்கரில் துபாய் பேசும். பாய் சாக்கைப் பார்த்துக் கத்துவார்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன் அத்தா. ஏன் கத்துறீங்க?"

"நான் தள்ளி நிக்கிறேன். நீ வைக்காதே, பேசிக்கிட்டே இரு. நெல்லுக்குக் கதிர் படணும்."

"என்னத்தைப் பேச?"

"என்னத்தையாவது பேசு. அங்க வெயில் எப்படி?"

விதை கேட்டு வந்த விவசாயி ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன பாய், உங்க விதை பேசினாத்தான் முளைக்குமா?"

"ஷ்ஷ்! ஆராய்ச்சி நடக்குது."

சாதிக்கின் அறையில் எத்தனை பேர், யார் குறட்டை விடுவது, மீன் எங்கே நன்றாகக் கிடைக்கும் எல்லாம் கடைத்தெருவுக்கே மனப்பாடம் ஆனது. ஆராய்ச்சி முடிந்தால் இந்தக் குரலும் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும்.

சுருட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. சாதிக்கும் லைனில் இருந்தான். போன் கட்டிய சாக்கில் வெள்ளை வெளேரென்று முளை. மறுகோடிச் சாக்கில் ஒன்றுகூட இல்லை.

"பாருங்க சார்! கெடுதலே இல்ல, நல்லதுதான் பண்ணுது!" பாய் குதித்தார்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி இரண்டாவது சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஏங்க, இது காஞ்சு கருவாடா கிடக்கே. புள்ள பேசப் பேச அந்தச் சாக்குக்கே தண்ணி தெளிச்சுக்கிட்டு நின்னீங்க. இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினீங்களா?"

கடை சிரிப்பில் அதிர்ந்தது. பாய் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரில் சாதிக் கேட்டான்.

"அத்தா... அப்போ ஆராய்ச்சி முடிஞ்சுதா?"

"எங்கடா முடியுது? இது செல்லாது." பாய் குரல் இறங்கிவிட்டது. முதல் தடவையாகக் கிட்டே போய்ச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். "குறுவை ரகத்துலயே மறுபடி பார்க்கணும். அப்புறம் சம்பா இருக்கு. அப்புறம் தாளடி."



"தாளடிக்கும் கூப்பிடுறேன் அத்தா."

பாய் தலையை மட்டும் ஆட்டினார், துபாயில் தெரியும் என்பதுபோல. எங்கள் டெல்டாவில் வருஷத்துக்கு இன்னும் இரண்டு போகம் கூடுதலாக விளைந்தால் தேவலை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பாய் இல்லாத இந்த நாளிலும் தோன்றுகிறது.