பன்னிரண்டு நிமிட வீரம்

இந்தக் கல்யாண நாளுக்கு யாமினியை விமானத்தில் கூட்டிப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். லேசான முடிவா? என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இரண்டு மைல் ஆழம் போய் வந்தவர். இறங்குவது எங்கள் குலத்தொழில். ஏறுவதென்றால் எனக்கு மொட்டை மாடியிலேயே கால் நடுங்கும். இது என் மனைவிக்குக்கூடத் தெரியாத ரகசியம். இருபத்தாறு வருஷமாக அவள் விமானப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் காதுவலி, மூலம், ராகுகாலம் என்று சொல்லிச் சமாளித்தேன். சாக்குக் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் இணையத்தில் அது கண்ணில் பட்டது. எங்கோ கிழக்குக் கடலில் இரண்டு குட்டித் தீவுகள். இரண்டிலும் விமான நிலையம். இடையே தூரம் நாற்பத்தொரு கிலோமீட்டர். பயண நேரம் பன்னிரண்டு நிமிடம். எங்கள் பேட்டை ஒக்கலிபுரம் சிக்னலில் நான் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் ஆயிற்று.

“யாமினி, உன்ன ஃபிளைட்ல கூட்டிட்டுப் போறேன். இந்தத் தீவுலருந்து அந்தத் தீவுக்கு.”

“நெஜமாவா?”

“குணசேகர் சொன்னா சொன்னதுதான்.”

அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்காவை அழைத்து வந்தாள். “அக்கா முன்னாடி சொல்லுங்க.”

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“சரிங்க. மொத தீவுக்கு எப்படிப் போறது?”

“ரயில்லதான்.”

“கடல்லயா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. “அப்போ கப்பல்ல…”

“உங்க லீவு ஏழு நாளு. கப்பல் போய்ச் சேரவே ஒம்பது நாளு. இங்கருந்து நாலு மணி நேரம் ஒரு ஃபிளைட்டு. அங்கருந்து ஒண்ணரை மணி நேரம் இன்னொண்ணு. அப்புறம் உங்க பன்னெண்டு நிமிஷம். திரும்பி வர இன்னும் மூணு ஃபிளைட்டு.”

எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்.

“குடுத்து வெச்சவ யாமினி,” என்றார் அக்கா. பின்வாங்க வழியில்லை.

முதல் விமானத்திலேயே சட்டை நனைந்துவிட்டது. அவள் கையை உடும்பாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அம்மாள், “சாருக்குப் பயமா?” என்று கேட்டுவிட்டார்.

“இல்லீங்க. எனக்குத்தான் பயம். எனக்காகக் கையப் புடிச்சிட்டிருக்காரு,” என்றாள் யாமினி.

தெய்வம்தான் அவள்.

தீவு விமானத்தில் ஆறாவது நிமிஷம் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கீழே பச்சைக் கடல். யாமினி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பையா இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்? இவளைக் கட்டிக்கொண்டதற்கு நான்தான் கொடுத்து வைத்தவன்.

இறங்கியதும் சொன்னேன். “ரொம்ப தேங்க்ஸ் யாமினி. அந்தம்மாகிட்ட என்னக் காட்டிக் குடுக்கலியே நீ. ஊர்ல யாருக்கும் இது தெரிய வேணாம்.”

“ஒக்கலிபுரம் முழுக்கத் தெரியுங்க. அது உங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கறதுதான் இருபத்தாறு வருஷமா எனக்குப் பெரும்பாடு.”